சுட்ட பலகையா, சுடாத பலகையா?

நாவல் மரத்தின்மேல் அமர்ந்திருந்த மாட்டுக்காரப் பையன் ஔவைப் பிராட்டியாரிடம் கேட்ட கேள்வியை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. சுட்ட பழமா, சுடாத பழமா என்ற அந்தச் சிறு கேள்விக்கு முன் எல்லாம் அறிந்த கிழவியாரே திகைத்துப் போனார். பழத்தைச் சுடுவதாவது! ஆனால் பலகையைச் சுடுவது உண்டென்றும், அப்படிச் சுட்ட பலகைகளைக் கொண்டு வீட்டின் வெளிச்சுவரைப் போர்த்துவது உண்டென்றும் நம் நண்பர் ஒருவர் வந்து சொன்னபோது, ஔவையாரைவிட நாம் அதிகமாகத் திகைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நண்பர் திண்டிவனத்துக்காரர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சேமநல நிதியாகக் கைக்கு வந்த பணத்தில் சிறியதாக ஒரு வீடு கட்டத் தொடங்கியிருந்தார். அவருடைய தகப்பனார் காலத்து ஓட்டு வீட்டில் திண்ணைத் தூண்கள் ஒவ்வொன்றையும் கறையான் உள்ளிருந்தே தின்றுவிட்டது. வெளியே வர்ணம் பளபளத்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. அந்த வீட்டை இடிக்க நேர்ந்த துக்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே மரத்தின்மேல் ஆசையும் அச்சமும் அவருக்குச் சரிபாதி. இந்த நிலையில்தான் ஒரு வியாபாரியின் படப் புத்தகம் அவர் கையில் சிக்கியது. மையைப் போன்ற கரிய பலகைகளால் போர்த்திய வீடுகள். கீழே, "ஜப்பானிய முறை, எண்பது ஆண்டுகள் கெடாது" என்ற உறுதிமொழி. அதற்கும் கீழே, ஏழைக்கு எட்டாத விலை!

"வாங்கலாமா, வேண்டாமா?" என்று நண்பர் கேட்டார். நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவரே அன்றித் தச்சர் அல்லோம். குயிலாப்பாளையத்தில் ஒரு தச்சுப்பட்டறையில் இந்த வேலையைச் செய்து பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். "விலை கொடுப்பதற்கு முன் வேலையைப் பார்த்துவிடலாம்" என்றோம். நண்பரின் மனைவியார், "கரியை வாரி வீட்டுக்குப் பூசுவதை நானும் பார்க்க வேண்டாமா?" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். சென்னை மாகாணத்தின் பிரதமராக 1947 முதல் 1949 வரை இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் இந்த வட்டாரத்தில் பிறந்தவர். சாலைக்கு மேற்கே ஒதுங்கி மயிலம் குன்று நிற்கிறது. ஔவையாரிடம் வேடிக்கை பார்த்த முருகப்பெருமானின் கோவில் அதன் உச்சியில் இருக்கிறது. நாம் போகிற காரியத்துக்குப் பொருத்தமான தெய்வந்தான் என்று மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டோம்.

புதுச்சேரியில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று, மேற்கே திரும்பி மேட்டில் ஏறினால் குயிலாப்பாளையம் வந்துவிடுகிறது. பெயரைக் கேட்டதும் பாரதியார் நினைவுக்கு வராமல் இருப்பாரா? 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் வாழ்ந்தபோது பாடியதல்லவா குயில் பாட்டு! இந்த ஊருக்கும் அந்தப் பாட்டுக்கும் உறவு கற்பிக்க நாம் துணியவில்லை. ஆனால் நாம் இறங்கிய நேரத்தில் முந்திரித் தோப்பிலிருந்து ஒரு குயில் உண்மையாகவே கூவிற்று.

ஊர் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. மண் செக்கச்செவேல் என்றிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் இந்த மேட்டில் நிழல் என்பது அரிது. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளாகக் கடலை நோக்கி இறங்கும். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி ஆரோவில் நகரத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பல தேசத்து இளைஞர்கள் ஆளுக்கு ஒரு பிடி தாய்மண் கொண்டுவந்து ஒரே தாழியில் இட்டார்கள். அதன் பின் இங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து உழைப்பாளிகளும் சேர்ந்து வரப்புக் கட்டி, மழைநீரைத் தேக்கி, லட்சக்கணக்கில் கன்றுகளை நட்டார்கள். அப்படி நட்டவற்றில் விரைவாக வளர்ந்து நிழல் கொடுத்தது ஆஸ்திரேலிய அகேஷியா. ஸ்ரீ அன்னை அதன் பூவுக்கு 'உழைப்பு' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பெயர் சூட்டியதால் ஆரோவில்காரர்கள் அதை இன்றும் 'வொர்க் ட்ரீ' என்றே அழைக்கிறார்கள்.

விரைவாக வளர்ந்த மரம் புயலுக்கு விரைவாக விழவும் செய்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியபோது இந்த மேட்டில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுந்த மரங்களில் பெரும்பகுதிக்கு ஒரே கதி: எடை போட்டு விறகுக்கு விற்பது. நாம் தேடிப் போன பட்டறை வாசலிலும் அத்தகைய மரங்களே அடுக்கிக் கிடந்தன.

பட்டறைக்காரர் ஐம்பது வயதுள்ள ஆசாரியார். நண்பர் தம் படப் புத்தகத்தை நீட்டினார். ஆசாரியார் அதை மரியாதையாக வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படம் அழகாக இருக்கிறது, ஐயா. வேலையை இப்போதே பார்க்கிறீர்களா?" என்றார்.

ஓர் ஆள் உயரமுள்ள மூன்று காய்ந்த பலகைகளை எடுத்தார். மூன்றையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து, நடுவே முக்கோணமாக இடைவெளி விட்டு, மூன்று இடங்களில் கம்பியால் கட்டினார். பார்வைக்கு அது ஒரு மரப் புகைபோக்கியாகிவிட்டது. அதைச் செங்கற்களின்மேல் நேராக நிறுத்தி, அடியில் வைக்கோலும் முந்திரிச் சுள்ளியும் திணித்துத் தீ வைத்தார். முதலில் வெண்புகை சோம்பலாக எழுந்தது. பிறகு காற்று அடியிலிருந்து உள்ளே இழுக்கப்பட, 'கும்' என்ற முழக்கத்துடன் தீ குழாயின் உச்சிக்குத் தாவிற்று. நண்பரின் மனைவியார் நான்கு அடி பின்வாங்கினார். வெளியே பலகை கையால் தொடும் சூட்டில் இருக்க, உள்ளே நெருப்பு கொல்லன் உலைபோல் குமுறியது. சில நிமிஷங்கள்தாம்! ஆசாரியாரின் மகன் கம்பியை வெட்ட, மூன்று பலகைகளும் பூவிதழ்போல் விரிந்து விழுந்தன. அவற்றின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றப்பட்டது. சீறல் அடங்கியதும் பார்த்தால், பலகையின் ஒரு முகம் முதலையின் தோலைப்போல் வெடித்துக் கறுத்து மின்னியது. மறுமுகம் பழைய மரமாகவே இருந்தது. கருகிய பகுதியின் கனம் மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம்.

ஜப்பானியர்கள் இதை 'யாகிசுகி' என்கிறார்கள். 'யாகி' என்றால் சுட்டது. 'சுகி' என்பது அவர்கள் நாட்டு ஊசியிலை மரம் ஒன்றின் பெயர். மேற்கு ஜப்பானில், உள்நாட்டுக் கடலை அடுத்த ஊர்களில், உப்புக் காற்றுக்கும் மழைக்கும் ஈடு கொடுக்க வீட்டுச் சுவர்களை இந்தப் பலகைகளால் போர்த்துவது பழைய வழக்கம். நவோஷிமா என்னும் தீவில் இத்தகைய கரிய வீடுகளை வரிசையாகக் காணலாம். இடையில் செயற்கைப் பலகைகளின் வரவால் வழக்கம் மங்கியது. பிற்பாடு தெருநோபு புஜிமோரி என்ற கட்டடக் கலைஞர், 2007-இல் நாகானோ பகுதியில் தாம் கட்டிய ஒரு வீட்டுக்கு எட்டு மீட்டர் நீளமுள்ள பலகைகளைச் சுட்டுப் பதித்ததும், உலகத்தின் கண் மறுபடி இதன்மேல் விழுந்தது.

ஆனால் மரத்தைச் சுட்டுக் காக்கும் யோசனை ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டில் எழுதிய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கோட்டை மதிலுக்குள் வைக்கும் ஆலிவ் மரக் கட்டைகளைக் கருக்கி வைக்கும்படி சொல்லியிருக்கிறார். நம் நாட்டுக் குடியானவர்கள் வேலிக்காலின் அடியைத் தீயில் வாட்டி நடுவதும் யாரும் அறிந்ததே. கரி எவ்வளவு காலம் மண்ணில் கிடந்து பிழைக்கும் என்பதற்குக் கீழடியே சாட்சி. அங்கே ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுகளில் ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வில் தெரிந்தது. அதே மண்ணில் இருந்த பச்சை மரமெல்லாம் எங்கே போயிற்று? கரியோ காத்திருந்தது.

இதன் காரணத்தை எளிதாகச் சொல்லலாம். மரத்தில் சர்க்கரைப் பொருள் போன்ற சத்துக்கள் உண்டு. ஈரத்தை இழுப்பவையும், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் உணவாகுபவையும் அவையே. இருநூறு, முந்நூறு டிகிரிச் சூட்டில் முதலில் சிதைந்து போகிறவையும் அவைதாம். மிஞ்சும் கரியில் தின்ன ஒன்றுமில்லை. வெயில் வெறும் மரத்தை நரைக்கச் செய்வதுபோல் கரியை எளிதில் நரைக்கச் செய்வதில்லை. முன்பே ஒருமுறை எரிந்த மேற்பரப்பு மறுபடி தீப்பற்றச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. மரம் தன் தோலைக் கொடுத்து உடலைக் காத்துக்கொள்கிறது என்று சொன்னால் பொருந்தும்.

இவ்வளவையும் கேட்ட நண்பர் உற்சாகமாகி, "அப்படியானால் என் வீட்டுத் தூண்களையே இப்படிச் சுட்டு மண்ணில் ஊன்றிவிடலாமே!" என்றார்.

ஆசாரியார் உடனே பதில் சொல்லவில்லை. பட்டறையின் கொல்லைக்கு எங்களை அழைத்துச் சென்று, ஒரு மூலையில் கிடந்த சவுக்குக் காலைப் புரட்டிக் காட்டினார். அதன் அடி ஒரு முழத்துக்குக் கறுத்திருந்தது. கரிக்கு மேலே, மண்மட்டம் இருந்த இடத்தில், மரம் இற்றுத் தூளாகிக் கிடந்தது.

"எங்கள் அப்பா நட்ட கால் இது, ஐயா. அடியைச் சுட்டுத்தான் நட்டார். கரி அப்படியே இருக்கிறது, கால் போய்விட்டது. சுடும்போதே மரம் வெடிக்கிறது. அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்குகிறது. கறையான் கரியைத் தின்னாது. ஆனால் கரியின்மேல் மண்குழாய் கட்டிக்கொண்டு நல்ல மரத்துக்குப் போய்விடும். இதைச் சொல்லாமல் உங்களிடம் பலகை விற்றால் அது பாவம்."

எழுத்தறிவு அதிகமில்லாத அந்தத் தச்சர் சொன்னதைத்தான் பெரிய ஆய்வுக்கூடமும் சொல்லியிருக்கிறது. அமெரிக்க தேசத்து வனத்துறை மாடிசன் நகரில் 1910-இல் நிறுவிய மரப்பொருள் ஆய்வுக்கூடத்தார், கருக்கிய வேலிக்கால்களை மண்ணில் நட்டுச் சோதித்து, அதனால் பெரிய பயன் இல்லை என்று கண்டார்கள். ஆக, கரி காப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பலகை தரையைத் தொடக்கூடாது, நனைந்தால் நீர் வழிய வேண்டும், வழிந்தபின் காற்றில் உலர வேண்டும். நெருப்பு செய்யும் வேலை பாதி. மீதியைக் கட்டுகிறவர் செய்ய வேண்டும்.

அந்த மீதி வேலை இந்த மேட்டில் புதியதன்று. ஆரோவிலில் ஆரம்ப காலத்தில் குடியேறியவர்கள் சவுக்குக் கழியும் கீற்றும் கொண்டு குடிசை கட்டியபோது, கழிகளை நேரே மண்ணில் ஊன்றாமல் கருங்கல் கால்களின்மேல் நிறுத்தினார்கள். கறையான் கல்லைத் துளைக்க முடியாது. சுற்றி ஏறினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நம் முன்னோர் திண்ணைத் தூணுக்கு அடிக்கல் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். நண்பரின் தகப்பனார் வீட்டில் பிற்காலத்தில் திண்ணையைச் சிமிட்டியால் உயர்த்தியபோது அடிக்கற்கள் உள்ளே புதைந்து போயின. கறையானுக்கு ராஜபாட்டை கிடைத்துவிட்டது. இதைச் சொல்லும்போது நண்பரின் முகம் வாடியது. "கல்லைப் புதைக்கச் சொன்னது நான்தான்" என்று மெல்லச் சொன்னார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மௌனத்தைக் கலைத்தவர் அவருடைய மனைவியார். தம் கைக்குட்டையால் சுட்ட பலகையை அழுந்தத் தேய்த்தார். குட்டை கன்னங்கரேல் என்றாயிற்று. "குழந்தைகள் சாய்ந்தால் சட்டை என்ன ஆவது?" என்றார்.

"இது இன்னும் துலக்காத பலகை, அம்மா" என்று சொல்லி ஆசாரியார் மற்றொன்றைக் கொண்டுவந்தார். கம்பித் தூரிகையால் உதிரிக் கரியைத் துலக்கி எண்ணெய் ஏற்றிய பலகை அது; மரத்தின் ரேகைகள் கருமைக்குள் தெரிந்தன. கைக்குட்டையில் மங்கலான கறைதான் பட்டது. பலகையின் பின்முகத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசுகிறாராம். கட்டுமரக்காரர்களும் தச்சர்களும் நெடுங்காலமாக அறிந்த பூச்சிக்கொல்லி அது. தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும். ஆகையால் கையுறை இல்லாமல் மகனைத் தொட விடுவதில்லை என்றார்.

அம்மையார் அதோடு விடவில்லை. "சித்திரை வெயிலில் கறுப்புக் குடையே சுடுகிறது. கறுப்புச் சுவர் சும்மா இருக்குமா?" என்று கேட்டார். அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவே சிறந்தது என்பது நம் அபிப்பிராயம். ஜப்பானில் குளிர்காலம் உண்டு; நமக்கோ வெயில், கடும் வெயில், மிகக் கடும் வெயில் என்று மூன்றே பருவங்கள். கரிய பலகை சூட்டை வாங்கத்தான் செய்யும். அதைச் சுவரோடு ஒட்டி அறைந்தால் சூடு வீட்டுக்குள் இறங்கும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் அடித்து, இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்து வைத்தால் உள்ளே சூடான காற்று மேலே எழுந்து போய்விடும்; மழை ஈரமும் அவ்வழியே உலரும். அப்படிச் செய்தாலும் மேற்குச் சுவருக்கு இது ஏற்றதன்று. வடக்குச் சுவருக்கும், இறவாணத்தின் நிழல் விழும் மேற்பகுதிக்கும் ஏற்றது.

மரத்தின் ஜாதியையும் கவனிக்க வேண்டும். ஜப்பானியரின் சுகி இலேசான மரம், நேரான ரேகையுள்ளது, தண்ணீரில் இட்டால் பாதிக்குமேல் வெளியே தெரியும்படி மிதக்கும். அது ஆழமாக, ஒரே சீராகக் கருகும். நம் அகேஷியாவும் வேம்பும் கனமானவை. கருகும் அளவு குறைவு. காயாமல் சுட்டால் முறுக்கிக்கொள்ளும். ஆகவே அறுத்த பலகையை மாதக்கணக்கில் நிழலில் அடுக்கி உலர்த்தாமல் தீயிடக் கூடாது என்று ஆசாரியார் கண்டிப்பாகச் சொன்னார். எண்பது ஆண்டு உழைக்குமா என்று நண்பர் கேட்டதற்கு, "நான் போட்ட பலகைக்கு இன்னும் பத்து வயதுகூட ஆகவில்லை, ஐயா. எண்பது என்று எப்படிச் சொல்வேன்?" என்றார். அந்தப் பதிலில் எங்களுக்குப் பிறந்த நம்பிக்கை, படப் புத்தகத்தின் உறுதிமொழியில் பிறக்கவில்லை.

மகாத்மா காந்தி 1937-இல் 'ஹரிஜன்' பத்திரிகையில், நல்ல கிராமம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதும்போது, வீடுகளை ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களால் கட்ட வேண்டும் என்றார். கடல் கடந்து வரும் கருகிய பலகை அந்த எல்லைக்குள் அடங்காது. ஆனால் கருக்கும் வித்தைக்குச் சுங்கம் ஏது? வித்தையை எங்கிருந்தும் கற்றுக்கொள்ளலாம். மரமும் நெருப்பும் கைவேலையும் நம்முடையவையாக இருந்தால் போதும். புயலில் சாய்ந்த ஒரு மரம் விறகாகப் போனால் ஒரு நாளில் சாம்பல். அதையே அறுத்து, உலர்த்தி, மேல்தோலை மட்டும் தீக்குக் கொடுத்தால், ஒரு வீட்டுக்கு நெடுநாள் போர்வையாகும். ஒரு பட்டறைக்கும் வேலை கிடைக்கும். ஆசாரியாரின் மகன் சென்னைக்குப் போய்விடலாமா என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருப்பதாக அவரே சொன்னார். "இந்தச் சுடுகிற வேலை வந்த பிறகு, காலையில் எனக்கு முன்னே பட்டறைக்கு வந்துவிடுகிறான்" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மாலையில் பஸ்ஸில் திரும்பும்போது நண்பரும் அவர் மனைவியாரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கீழ்த்தளம் செங்கல்லும் சுண்ணாம்பும். திண்ணைத் தூண்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி உயரமான கருங்கல் அடிகளின்மேல் நிற்கும். மாடி அறையின் வடக்குச் சுவருக்கு மட்டும் குயிலாப்பாளையத்துச் சுட்ட பலகை. மற்ற மூன்று பக்கமும் வெள்ளை. படப் புத்தகம் பஸ்ஸின் ஆசனத்திலேயே மறந்து கிடந்தது. நாம் எடுத்துக் கொடுத்தபோது நண்பர் அதை அரை மனத்தோடுதான் வாங்கிக்கொண்டார்.

ஔவையார் மண்ணில் விழுந்த பழத்தை ஊதித் தின்று, சுட்ட பழத்தின் பொருளை அறிந்துகொண்டார். நாமும் ஒரு பகல் முழுதும் புகையை ஊதி ஒன்றை அறிந்துகொண்டோம். சுட்ட பலகைதான் நல்லது. ஆனால் அது சுடாத கல்லின்மேலும், அகலமான இறவாணத்தின் கீழும் இருக்க வேண்டும்.